அதிகாரம் கேட்போர் கணக்கும் காட்டுக!

தொண்டைமானாற்று நீரேரி கடலோடு கலக்குமிடத்தில் ஓர் அணை இருக்கின்றது. மாரி மழைநீரை உள்ளே தேக்கி, கடலின் உவரை வெளியே நிறுத்துவதே அதன் பணி. ஒரு காலத்தில் அவ்வணையின் மரக்கதவுகள் உக்கிப்போயின. அணை நின்றது; ஆனால் உவர்நீர் உள்ளே புகுந்தது. வீதியாற் போகின்றவனுக்கு அணை இருப்பதாகவே தோன்றும். கதவில்லாத அணையால் யாது பயன் என்பதைக் கிணறு உவராகிய கமக்காரனே அறிவான்.

இலங்கையில் உயர்பீடங்களின் ஊழலை விசாரிக்கவென அமைக்கப்பெற்ற ஆணைக்குழுக்கள் பலவும் இத்தகைய அணைகளே என்று நாம் கூறுவோமாயின் அது மிகையன்று.

1954ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இலஞ்சச் சட்டம் பிறந்துவிட்டது. 1959இல் தல்கொடபிட்டிய ஆணைக்குழு அமைந்தது. பாராளுமன்றத்தில் அமர்ந்தோரே கைந்நீட்டினர் என்று அது கண்டு 1960இல் அறிக்கை தந்தது. குற்றங்காணப்பட்ட அறுவரின் குடியியல் உரிமைகளை மட்டுப்படுத்தும் சட்டம் எப்போது வந்தது? 1965இல், ஆட்சி மாறிய பின்னர்! அறிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் ஓடின. இது தாமதத்தின் கதை.

1978இல் விசேட ஜனாதிபதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அதன்வழி 1980இல் முன்னாட் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமை ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. விசாரணையை ஏவியவர்கள் அவருடைய அரசியல் எதிரிகள்; பலனை அனுபவித்தவர்களும் அவர்களே. இது பழிவாங்கலின் கதை.

2015 பெப்ரவரியில் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி விற்பனை பற்றி விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, 2017 டிசம்பர் இறுதியில் தன் அறிக்கையைக் கையளித்தது. வழக்கும் தொடரப்பட்டது. ஆனால் அப்போதைய ஆளுநர் நாட்டைவிட்டுச் சென்று சிங்கப்பூரில் தங்கினார். நீதிமன்றம் அழைத்தும் வந்தாரில்லை. இது கைக்கெட்டாமையின் கதை.

வழியே இல்லையா? உண்டு. 1973இல் ஹொங்கொங்கின் பொலிஸ் உயரதிகாரி கோட்பர், கணக்குக் காட்டமுடியாத செல்வத்தோடு இங்கிலாந்துக்கு ஓடினார். மக்கள் வீதியில் இறங்கினர். 1974 பெப்ரவரியில் பொலிஸாரின் பிடியில் இல்லாத தனி ஆணைக்குழுவொன்று அங்கே அமைந்தது. மறு ஆண்டே கோட்பர் திருப்பிக் கொண்டுவரப்பட்டுச் சிறை சென்றார். பெரிய மீன் அகப்பட்ட பின்னரே சிறிய மீன்களுக்கும் அச்சம் வந்தது.

நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சிக்குப் பின், 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிறைவேறியது. அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரைமீது நியமிக்கப்படும் மூவர் ஆணைக்குழு, முறைப்பாடு வரும்வரை காத்திராது தானாகவே விசாரணை தொடங்க அச்சட்டம் இடமளித்தது. இது நல்ல கதவு. திறப்பு யார் கையில் இருக்கும் என்பதே கேள்வி.

கொழும்பின் குற்றங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நமக்கு எளிது; இனிமையுங்கூட. ஆனால் நம் வீட்டு முற்றத்தையும் நாம் பார்த்தேயாக வேண்டும்.

2013இல் நெடுநாள் வேட்கையின் பின் வடமாகாண சபை பிறந்தது. சில ஆண்டுகளில் அதன் அமைச்சர்கள்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. முதலமைச்சர் விக்னேஸ்வரன் மூவர் குழுவொன்றை நியமித்தார். விசாரிக்கத் துணிந்தது பாராட்டுக்குரியதே. தன் அமைச்சரவையைத் தானே விசாரணைக்கு உட்படுத்தும் முதலமைச்சர்கள் எங்கும் அரியர். ஆனால் நடந்ததென்ன? 2017 யூனில் இரு அமைச்சர்களைப் பதவி விலகுமாறும், மற்றை இருவரை விடுமுறையில் நிற்குமாறும் அவர் கேட்டதும், சபையின் பெரும்பான்மையோர் அவருக்கெதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கையளித்தனர். கடைகள் அடைக்கப்பட்டன, சமரசங்கள் பேசப்பட்டன, பிரேரணை கைவிடப்பட்டது. மக்களின் பணம் என்னவாயிற்று என்ற கேள்வி, யார் பக்கம் யார் என்ற கேள்வியில் மூழ்கிப்போயிற்று!

குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. தலைவர் ஒருவரின் விருப்பத்தில் பிறக்கும் குழு, அவருக்கு வேண்டியவரையும் வேண்டாதவரையும் பிரிக்கும் கருவியாகவே ஊராரின் கண்ணுக்குத் தோன்றும் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். நேர்மையாளன் பழிக்கு ஆளாவான், குற்றவாளி தியாகியாவான். இருவருக்கும் நீதி கிட்டாது.

அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் கழிந்தன. தெரிவு செய்யப்பட்டோர் இல்லாத காலத்திலும் வீதிக்கும் குளத்துக்கும் பணம் செலவாகிக்கொண்டுதான் இருந்தது. கணக்குக் கேட்கச் சபையும் இல்லாதபோது கேட்பவர் யார்?

ஆகவே நாம் கோருவது இது. ஊழலை விசாரிப்போரை நியமிப்பதில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கோ அவருடைய எதிரிக்கோ கையிருத்தலாகாது. சாட்சியை அழைக்கவும் ஏடுகளைக் கைப்பற்றவும் சட்டவலு வேண்டும். அறிக்கை குறித்த தவணைக்குள் மூன்று மொழிகளிலும் வெளிவரவேண்டும். வழக்குத் தொடரும் முடிவு அமைச்சரின் மேசையில் உறங்கலாகாது. வல்வெட்டித்துறை மீனவனும் அச்சுவேலிக் கமக்காரனும் கொழும்புக்குப் பயணச்சீட்டு வாங்காமல், யாழ்ப்பாணத்திலேயே தமிழில் முறைப்பாடு கொடுத்துத் தமிழிலேயே பதில் பெறவேண்டும். முறையிட்டவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

சட்டத்தரணிகள், கணக்காளர்கள், பொறியியலாளர்கள் ஆகிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்விப்பத்திரத்தில் எங்கே பொய் இருக்கிறது, சீமெந்தில் எங்கே மண் கலந்திருக்கிறது என்பதை முதலில் அறிபவர்கள் நீங்களே. நீங்கள் மௌனம் சாதித்தால் எந்த ஆணைக்குழுவும் குருடாகவே இருக்கும்.

“இனத்தின் குறையை வெளியிற் சொல்லலாமா?” என்று சிலர் கேட்பர். சொல்லாமல் மறைத்த புண் ஆறுமா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். தன்னைத் தானே ஆளும் உரிமை கேட்கும் மக்கள், தன்னைத் தானே விசாரிக்கும் துணிவும் உடையவராதல் வேண்டும். அத்துணிவு இல்லையேல், கொழும்பில் இருந்த உவர் நம் வாய்க்காலுக்கு இடம்மாறியதன்றி வேறு பயனில்லை.

அணை மட்டும் போதாது. கதவும் வேண்டும், காவலும் வேண்டும்.