ஆக்குளம் ஏரி மாசு: சிறு சுத்திகரிப்பு நிலையங்கள் ஏன் தேவை?

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டை, தம்பானூர் பகுதிகளில் மழைநீர் தேங்குவதைத் தடுக்க 2015-ம் ஆண்டு ‘ஆபரேஷன் அனந்தா’ திட்டம் தொடங்கப்பட்டது. ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, கால்வாய்கள் தூர்வாரப்பட்டன. ஆனால், அவற்றில் கழிவு கலப்பது நிற்கவில்லை.

2024 ஜூலை 13-ம் தேதி, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். 46 மணி நேரத்துக்குப் பிறகே அவரது உடல் மீட்கப்பட்டது.

இந்தக் கால்வாயின் நீர் ஆக்குளம் ஏரியைச் சென்றடைகிறது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. நீரில் ஆக்சிஜன் குறைகிறது. வேளி முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கும் காலங்களில் கழிவு கடலுக்குச் செல்லாமல் ஏரியிலேயே தங்குகிறது.

முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டது. எனினும், புதைசாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளின் கழிவுநீர் குழாய் வழியே அங்கு சென்று சேராது. படிவுத் தொட்டி, காற்றில்லா வடிகட்டி, நாணல் படுகை ஆகியவற்றைக் கொண்ட குடியிருப்பு அளவிலான சிறு நிலையங்கள் இந்தக் குறையை ஈடுசெய்ய வல்லவை.

மக்களின் நம்பிக்கையைப் பெறுவதே இதில் கடினமான பணி. கோழிக்கோடு ஆவிக்கல் தோடு பகுதியில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பதை எதிர்த்து 2022-ம் ஆண்டு மக்கள் போராடினர். இடத்தேர்வு, பராமரிப்புப் பொறுப்பு, நீர்ப் பரிசோதனை முடிவுகள் ஆகியவை மக்கள் முன் வெளிப்படையாக வைக்கப்படாதவரை, ஆகாயத்தாமரை அகற்றம் முடிவில்லாச் செலவாகவே தொடரும்.