சக்கலே மீனும் பலகை போட்ட வாய்க்காலும்

எழுபத்தைந்து வயதில் ஒரு மனுஷன் பிளாஸ்டிக் படகில் ஏறலாமா என்பது என் மனைவியின் கேள்வி. ஏறிவிட்டேன். முழங்கால் மடங்க மறுத்தது. மாப்பிள்ளை கக்கத்தில் கைகொடுத்து, மூட்டையை இறக்குவது போல என்னை உள்ளே இறக்கி உட்கார வைத்தார். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இது சென்ற வருடம் மார்ச் மாதம், அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் நடந்தது. மகள் குடும்பம் இருப்பது லஃபாயெத் நகரில். அந்த ஊர்க்காரர்களே இப்போது 'லாஃபியெட்' என்கிறார்கள். நான் லஃபாயெத் என்றுதான் சொல்வேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நாக்கு அப்படித்தான் புரளும். மகளும் 'அப்பா, இங்கே அப்படிச் சொன்னா யாருக்கும் புரியாது' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

ஊருக்குக் கிழக்கே அச்சாஃபலாயா என்று ஒரு பெரிய ஆற்றுச் சதுப்பு இருக்கிறது. அதன் ஓரமாக மைல் கணக்கில் ஒரு கரை. 1927 வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது. கரைக்கு மண் தோண்டிய பள்ளமே நீளமான வாய்க்காலாகிவிட்டது. இது தவிர, எண்ணெய்க் கிணறுகளுக்கு இயந்திரம் கொண்டுபோகவும் குழாய் பதிக்கவும் கம்பெனிகள் வெட்டிய வாய்க்கால்கள் சதுப்புக்குள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஓடுகின்றன. முழங்காலை மடக்கியது போல வேர் நீட்டிய சைப்ரஸ் மரங்கள், கிளையெல்லாம் தொங்கும் நரைத்த தாடி போன்ற பாசி. நடுவில் பார்த்தால் நம்ம ஊர் ஆகாயத்தாமரை. அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. மோட்டார் படகின் விசிறியில் அது சுற்றிக்கொள்ளும். கயாக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. சத்தமும் இல்லை, நான்கு விரற்கடை தண்ணீர் இருந்தால் போதும்.

நாங்கள் தேடிப் போன மீனுக்கு ஆங்கிலத்தில் கிராப்பி என்று பெயர். பார்ப்பதற்கு நம்ம ஜிலேபிக் கெண்டைக்குத் தூரத்துப் பங்காளி போலத் தட்டையாக, வெள்ளியில் கரும்புள்ளி தெளித்தது போல இருக்கும். வசந்த காலத்தில் தண்ணீர் கொஞ்சம் சூடேறியதும் முட்டையிட ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். முழுகிக் கிடக்கும் கிளைகளுக்கு நடுவில் கூட்டமாக நிற்கும். ஆண் மீன் உடம்பு கறுத்து, முட்டையைக் காவல் காக்கும்.

சின்ன வயதில் முருங்கப்பாக்கம் பக்கம் மண்புழுவும் சோற்றுருண்டையும் வைத்துத் தூண்டில் போட்டவன் நான். இங்கே புழு இல்லை. ஜிக் என்கிறார்கள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயத் தலை, அதிலிருந்து ஒரு கொக்கி, கொக்கியை மூடிப் பறவை இறகோ ரப்பர் குஞ்சமோ. மாப்பிள்ளை பெட்டியில் இருந்தவை ஒரு அவுன்சில் பதினாறில் ஒரு பங்கும், முப்பத்திரண்டில் ஒரு பங்கும் எடையுள்ளவை. கிராம் கணக்கில் சொன்னால் இரண்டுக்கும் உள்ளேதான். கறுப்பும் கிளிப்பச்சையும் கலந்த குஞ்சம் அந்தக் கலங்கல் தண்ணீரில் எடுபடும் என்றார். மேலே ஒரு தக்கை. மரத்தடியில் இறக்கிவிட்டு, கை நடுக்கம் போல லேசாக ஆட்ட வேண்டும். எனக்கு இயற்கையாகவே கை நடுங்கும், ஆகையால் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

இதில் இரண்டு சூட்சுமம் உண்டு. கிராப்பி மேலே பார்த்து இரை தேடும் மீன். ஜிக் அதன் தலைக்கு மேலே தொங்க வேண்டும், கீழே போனால் கவனிக்காது. இன்னொன்று, அதன் வாய் காகிதம் மாதிரி மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். நான் முதல் மூன்றையும் அப்படித்தான் விட்டேன். 'மாமா, இழுக்காதீங்க, சும்மா தூக்குங்க' என்றார் மாப்பிள்ளை. நான்காவது, பழைய கோப்பின் நைந்த தாளைப் புரட்டுவது போலத் தூக்கினேன். வந்தது.

படகுத்துறையில் என்னைவிட நான்கைந்து வயது மூத்த ஒருவர் எங்கள் மீனைப் பார்த்து 'சக்கலே' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாக்-ஆ-லே! பிரெஞ்சில் பால் பை. வெள்ளைச் சதைக்காக வைத்த பெயரா என்று கேட்டால், அங்கிருந்த சொக்டா பழங்குடியினர் மொழியில் மீனுக்கு இருந்த ஒரு சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரக் காது இப்படித் திரித்துக்கொண்டது என்றும் சொல்கிறார்கள். இந்த மீன்தான் 1993 முதல் அந்த மாநிலத்தின் நன்னீர் மீன். நான் பிரெஞ்சில் பேச ஆரம்பித்ததும் பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் பிரெஞ்சு என் வாத்தியார் காதில் விழுந்திருந்தால் பிரம்பு எடுத்திருப்பார். ஆனால் புரிந்தது. பள்ளியில் பிரெஞ்சு பேசியதற்காக 'இனிப் பேசமாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுதியவராம் அவர். அந்த மாநிலத்தின் 1921ஆம் ஆண்டு அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம்தான் என்று விதித்திருந்தது. நான் படித்த இடத்தில் தமிழ் பேசினால் தண்டனை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எழுத வந்தது மறுநாள் நடந்ததைப் பற்றி.

மறுநாள் இன்னும் தெற்கே போனோம். அகலமான ஆற்றுக் கிளையிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து போயிற்று. இரண்டும் ஒரே தண்ணீர், ஒரே மட்டம். நடுவில் கதவோ மதகோ கிடையாது. உள்ளே நூறு கஜம் போய், சாய்ந்து கிடந்த மரம் ஒன்றின் ஓரம் ஜிக்கை இறக்கினேன். மீன் கடித்தது. அதைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஓர் அலுமினியப் படகு வந்தது. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். 'ஐயா, இது தனியார் இடம். வாசலில் பலகை இருக்கிறதே, பார்க்கவில்லையா?' திரும்பிப் பார்த்தால் கொடிக்குள் மறைந்தபடி பலகை இருந்தது. மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். நான் மீனைத் தண்ணீரில் விட்டேன். அது வாசலைத் தாண்டிப் பொதுத் தண்ணீருக்குப் போயிருக்கும். அதை யாரும் தடுக்கவில்லை.

நில ஆவணங்களோடு முப்பத்திநான்கு வருடம் குப்பை கொட்டிய எழுத்தன் நான். வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. மகளின் கணினியில் இரவெல்லாம் சட்டம் படித்தேன். லூசியானாவின் சிவில் சட்டம் பிரெஞ்சு வழி வந்தது. 1808லேயே அதைத் தொகுத்துவிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் நிழலில் வேலை பார்த்தவனுக்கு அதன் வாசகங்கள் பழகிய முகங்கள். அதன் 450ஆம் பிரிவு ஓடும் நீரைப் பொதுச் சொத்து என்கிறது. படகு போகக்கூடிய இயற்கையான நீர்நிலையின் தரையும் பொது. கவனியுங்கள், 'இயற்கையான'. மனிதன் தன் நிலத்தில் தன் பணத்தில் வெட்டிய வாய்க்காலின் தரை அவனுடையது. 1979இல் அந்த மாநிலத்து வாய்க்கால் வழக்கு ஒன்றிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியார் நிலத்தில் தனியார் பணத்தில் வெட்டிய வாய்க்காலைப் பயன்படுத்தப் பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை கிடையாது என்று சொல்லியிருக்கிறது. இயற்கை ஓடையை அழித்து வெட்டியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் தனியாக விசாரிக்கச் சொன்னது. ஆக, தண்ணீர் பொது, அதற்கு அடியில் இருக்கும் சேறு தனியார். என் படகு மிதப்பது எதன் மேல்?

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தேடினால் விஷயம் மீனில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. கடலோரத்தில் நிலம் கரைந்துகொண்டே போகிறது. 1932 முதல் 2016 வரை சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் போய்விட்டதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. புதுச்சேரி மாநிலம் முழுவதும் ஐந்நூறு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது, அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றை இரண்டு பக்கமும் கரை கட்டி அடைத்ததால் புது வண்டல் வருவதில்லை, அது ஒரு காரணம். இந்த எண்ணெய் வாய்க்கால்கள் வழியாக உப்புத் தண்ணீர் ஏறிப் புல்லைக் கொன்றது இன்னொன்று. கரைந்த நிலம் 'நீர்நிலை' என்று ஆகிவிட்டால் அதன் தரை அரசாங்கத்துக்குப் போகலாம், தரையோடு எண்ணெய் உரிமையும் போகலாம். ஆகவே சொந்தக்காரர் தண்ணீரின் மேலேயே பலகை நடுகிறார். 2018இல் பொதுமக்களுக்கு வழிவிடச் சொல்லி சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. தோற்றுப் போயிற்று.

என் கட்சி இதுதான். தரையை வைத்துக்கொள்ளட்டும், அதற்கடியில் உள்ள எண்ணெயையும் வைத்துக்கொள்ளட்டும். ஒருவன் துடுப்புப் போட்டுப் போனதைக் காட்டி அரசாங்கம் தரைக்கு உரிமை கோரக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பதிலாக, பொது ஆற்றோடு கதவில்லாமல் கலந்து கிடக்கும் வாய்க்காலில் துடுப்புப் படகுக்கு வழி விட வேண்டும். மோட்டார் வேண்டாம் என்றால் வேண்டாம். மேலே போகும் வழி வேறு, கீழே இருக்கும் சொத்து வேறு. வயலுக்குப் போகிறவன் அடுத்தவன் வரப்பில் நடக்கிறான், வரப்பு அவனுக்குச் சொந்தமாகிவிடுகிறதா? பிரெஞ்சில் இதற்கு 'செர்வித்யூத்' என்று ஒரு சொல், பத்திரத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். லூசியானா சட்டத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

சொந்தக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. குப்பை போடுகிறார்கள், நண்டு மாதிரி இருக்கும் கிராஃபிஷ் பிடிக்க வைத்த கூண்டுகளைத் திருடுகிறார்கள், யாராவது கவிழ்ந்து செத்தால் வழக்கு தன் மேல் வரும் என்று பயப்படுகிறார்கள். மாப்பிள்ளையே, 'மாமா, நம்ம தோட்டத்துக்குள்ள யாராவது வந்து உட்கார்ந்தா விடுவோமா?' என்று கேட்டார். விடமாட்டோம்தான். ஆனால் தோட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. இந்த மீன் ஒரு வாரம் ஆற்றில், ஒரு வாரம் வாய்க்காலில். அதை யார் கணக்கில் எழுதுவது?

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. 1980களில், நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு கிராமத்து வாய்க்கால் புறம்போக்கை வகை மாற்றும் கோப்பு என் மேசைக்கு வந்தது. நாலரை ஆர் நிலம். 'நீரோட்டம் இல்லை, பயன்பாட்டில் இல்லை' என்று மேலே குறித்திருந்தார்கள். நான் அந்த வாய்க்காலைப் பார்த்தது கிடையாது. சைக்கிளில் போனால் அரை மணி. போகவில்லை. கோடை காலத்தில் எந்த வாய்க்காலில்தான் நீரோட்டம் இருக்கும் என்றுகூட யோசிக்கவில்லை. அழகான கையெழுத்தில் குறிப்பைப் படியெடுத்து, சுருக்கெழுத்து வைத்து மேலே அனுப்பினேன். பத்து வருடம் கழித்து உறவுக்காரர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தப் பக்கம் போனேன். ஐப்பசி மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஒரு கிழவி வாசலில் நின்று சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தாள். எந்தத் தெரு என்று எனக்குத் தெரிந்தது, அவளுக்கு நான் யார் என்று தெரியவில்லை.

அங்கே வெட்டிய வாய்க்கால் நீர்நிலையாகிவிடுமோ என்று பயந்து பலகை போடுகிறார்கள். இங்கே நாம் நீர்நிலையாக இருந்ததை இல்லை என்று எழுதினோம். இரண்டிலும் தண்ணீரைப் போய்ப் பார்க்காமல் தாளைப் பார்த்தவர்கள்தான் முடிவு செய்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் அந்தப் பலகையைப் பார்த்துக் கோபத்தோடு கொஞ்சம் வெட்கமும் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடியும் கரையோரப் பள்ளத்துக்கே போனோம். அங்கே யார் வேண்டுமானாலும் தூண்டில் போடலாம். இரண்டு பேருமாகப் பதினோரு மீன். மகள் சோளமாவில் புரட்டிப் பொரித்தாள், என் மனைவி அதில் மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்த்தாள். படகுத்துறைப் பெரியவருக்கு ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாய்க்காலைப் பற்றிச் சொன்னேன். வாயில் மீனோடு தலையை ஆட்டினார். சிறுவயதில் தன் அப்பாவோடு அதில் மீன் பிடித்ததாகவும், அப்போது பலகை கிடையாது என்றும் சொன்னார். பிறகு, காரம் கொஞ்சம் போதவில்லை என்றார்.