அக்கரையும் இக்கரையும்

பழைய மோட்டார்களைப் பற்றிப் பேச்செழுந்தால், கந்தப்பளைக் கடைவீதியில் நின்ற மொரிஸ் மைனர் வண்டியே என் நினைவுக்கு வரும். 1948இல் இங்கிலாந்தில் பிறந்த இனம் அது. ஏற்றத்தில் பெருமூச்சு விடுமேயன்றி, வழியில் கைவிடாது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா செல்ல நேர்ந்த என் சித்தப்பா குடும்பத்தை நானுஓயா நிலையத்தில் சேர்த்ததும் அவ்வண்டிதான். அங்கிருந்து தலைமன்னார் நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். கோத்தகிரியில் குடியேறிய சித்தப்பாவை அங்குள்ளோர் ‘சிலோன்காரர்’ என்றழைத்தனர். இங்கே தங்கிவிட்ட எங்களையோ குடிசன மதிப்பீடு நெடுங்காலம் ‘இந்தியத் தமிழர்’ என்றே பதிந்தது. எங்களுள் கடல் கடந்து வாழ்பவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்!

இனிப் பூமியதிர்ச்சிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. அது எழுப்பிய ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அதே காலையில் நாகப்பட்டினத்தையும் தாக்கிற்று. கந்தப்பளையும் கோத்தகிரியும் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளவை. எந்த அலையும் அங்கே ஏறாது. ஆயினும் அன்று மாலை தொலைபேசியில் சித்தப்பா நடுங்கும் குரலில், “அங்கே எல்லாரும் சுகமா?” என்றார். நானும் அதையே கேட்க வாயெடுத்திருந்தேன். நாங்கள் பேசி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர்களே, உங்கள் வீட்டாருக்கும் அக்கரையில் உறவினர் இருக்கக்கூடும். பூமி அதிரும்வரை காத்திராமல், இன்றே இரண்டு வரி எழுதுங்கள்.