சீட்டுக் கிடைத்தால் மட்டும் போதுமா?

ஆலைத் தொழிலாளியின் வீட்டிலிருந்தும் விவசாயத் தொழிலாளியின் குடிசையிலிருந்தும் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். இது யாரும் போட்ட பிச்சையல்ல. பல்லாண்டுக் காலம் மக்கள் கேட்டும் போராடியும் பெற்றது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007ல் தமிழ்நாட்டில் ஒழிந்தது. (மருத்துவத்துக்கு அது ‘நீட்’ என்ற பெயரில் திரும்பி வந்தது வேறு கதை.) முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் மருத்துவத்திலும், 2021ல் பொறியியல் முதலான படிப்புகளிலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. மாதம் ரூ.1,000 உதவித் தொகை 2022ல் மாணவிகளுக்கும், 2024ல் மாணவர்களுக்கும் தொடங்கியது. 2021-22ம் ஆண்டுக் கணக்குப்படி, 18 முதல் 23 வயதுள்ளவர் நூறு பேருக்கு உயர்கல்வியில் சேர்ந்தவர் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28, தமிழ்நாட்டில் 47.

வாசல் திறந்தது. நல்லது. ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளையின் கதி என்ன?

முதல் ஆறு மாதத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைக்கு முன்னால் ஆங்கிலப் புத்தகம் வந்து நிற்கிறது. ஆசிரியர் மடமடவென்று சொல்லிக்கொண்டு போகிறார். எழுந்து கேள்வி கேட்டால் பக்கத்தில் உள்ளவன் சிரிப்பானோ என்ற பயம். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. ‘செமஸ்டர்’ என்றால் என்ன, ‘இன்டர்னல்’ மார்க் என்றால் என்ன, ‘அசைன்மென்ட்’டைத் தேதிக்குள் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்பா இரவு ஷிப்டில். அம்மா விடியுமுன் நடவுக்குப் போய்விட்டாள்.

முதல் பரீட்சையில் இரண்டு பாடம் போகிறது. அதற்குப் பெயர் ‘அரியர்’. அடுத்த செமஸ்டரின் புதுப் பாடங்கள் தலைமேல் ஏறும்போது பழைய பாக்கியும் கூடவே நிற்கிறது. கடன்காரன் வட்டி போலத்தான் இது. ஒவ்வொரு தடவையும் பரீட்சைக் கட்டணம் வேறு. கடைசி வருஷத்தில் வேலைக்கு ஆளெடுக்க வரும் கம்பெனிகளில் பல, அரியர் உள்ளவனை வரிசையிலேயே நிற்க விடுவதில்லை. சில பிள்ளைகள் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டு, அப்பன் நின்ற அதே மில் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: “புத்தி மட்டு”, “அக்கறை இல்லை”, “இட ஒதுக்கீட்டில் வந்தவன் இப்படித்தான்” என்று. இதைவிட அநியாயமான பேச்சு உண்டா? டாக்டர் மகனுக்கு வீட்டிலேயே வழிகாட்டி இருக்கிறார். வக்கீல் மகளுக்கு அத்தை சொல்லித் தருகிறாள், அண்ணன் சொல்லித் தருகிறான். அதுவும் போதாதென்றால் டியூஷனைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். யாரும் அதை உதவி என்று சொல்வதில்லை. அந்தப் பிள்ளையின் ‘திறமை’ என்று சொல்கிறார்கள்! நம் பிள்ளைக்கு அதே உதவியைக் கேட்டால் மட்டும் சலுகையாம்.

தொழிலாளிகளுக்கு இந்த விஷயம் விளக்காமலே புரியும். நூற்பு மில்லில் புதிதாகச் சேர்ந்தவனை முதல் நாளே தனியாக மிஷினில் நிறுத்தி, “நீயே பார்த்துக்கொள்” என்று சொன்னால் வேலை நடக்குமா? அறுந்த இழையை எப்படிப் பிணைப்பது என்று பழைய தொழிலாளி பக்கத்தில் நின்று கை பிடித்துக் காட்டுகிறார். நாற்று நடப் போகும் புதுப்பெண்ணை அனுபவப்பட்ட இருவருக்கு நடுவே நிறுத்துகிறார்கள். ஆலையிலும் வயலிலும் உள்ள இந்தச் சாதாரண அறிவு கல்லூரிக்குள் மட்டும் ஏன் நுழையக்கூடாது?

நுழைந்த இடத்தில் பலனும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கல்லூரியில், 1970களில், கணக்குப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது ஆசிரியர்கள் ஏழ்மை, ஊக்கமின்மை, வீட்டில் ஆதரவின்மை என்று அடுக்கினார்கள். யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சியாளர் இதை அப்படியே நம்பிவிடவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஒருவர் தவறை மற்றவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்களும் பாடுபட்டுத்தான் படித்தார்கள். ஆனால் பெரும்பாலோர் தனித்தனியே படித்தார்கள். கூடிப் படிக்க டிரைஸ்மன் ஏற்பாடு செய்தார். எளிய கணக்கைக் கொடுத்து ஏமாற்றவில்லை. கடினமான கணக்கையே கொடுத்தார். மார்க் உயர்ந்தது. தனியே நின்றவன் தோற்றான், கூடி நின்றவன் ஜெயித்தான். சங்கம் கட்டியவர்களுக்கு இது புதுப் பாடமா?

இன்னொரு சான்று நியூயார்க் நகரத்துப் பொதுப் பல்கலைக்கழகம். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் அதன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கட்டணப் பாக்கியைத் திட்டமே ஏற்றது; பஸ், ரயில் பயணத்துக்கு அட்டை கொடுத்தது; புத்தகம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் அடிக்கடி சந்தித்தே தீர வேண்டிய ஆலோசகரைக் கொடுத்தது. மற்ற மாணவர்களுக்கு 600 பேருக்கும் மேல் ஓர் ஆலோசகர்; இந்தத் திட்டத்தில் 60 முதல் 80 பேருக்கு ஒருவர். குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். மூன்று ஆண்டில் படிப்பை முடித்தவர் மற்ற பிரிவில் 22 சதவீதம். திட்டத்தில் சேர்ந்த பிரிவில் 40 சதவீதம். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். மாறியது ஏற்பாடு!

நம் நாட்டில் காகிதத்தில் குறைவில்லை. பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டுமென்று தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் விதித்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் எல்லாக் கல்லூரிகளுக்கும் இதே போன்ற வழிகாட்டுதலை அனுப்பியது. நடப்பது என்ன? பல கல்லூரிகளில் ஒரு நாள் கூட்டம், மாலை மரியாதை, பிரமுகர் பேச்சு, அதோடு சரி. வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும். மாணவர் கையெழுத்துப் போடுவார், அவரும் போடுவார்.

அந்த ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களில் ஆயிரக்கணக்கானோர் கௌரவ விரிவுரையாளர்கள். இத்தகையவர்களுக்கு மாதம் ரூ.50,000 வரை கொடுக்கலாம் என்று 2019ல் மானியக் குழு சொன்னது. 2023ல் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்தது ரூ.25,000. பெயரில் கௌரவம், சம்பளத்தில் பாதி! அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாதவர், வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவனின் பக்கத்தில் உட்கார்ந்து கஷ்டம் கேட்பது எப்படி? ஆசிரியரின் வேலைப் பாதுகாப்பும் மாணவனின் படிப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் அனைத்திலும் முதலாண்டு மாணவருக்குக் கல்லூரி நேரத்திலேயே, இலவசமாக, ஆங்கிலத்திலும் கடினமான பாடங்களிலும் துணைப் பயிற்சி வேண்டும். தோற்ற பிறகல்ல, முதல் மாதத்திலிருந்தே.

2. அந்த வகுப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ‘மந்தமானவர்கள்’ என்று முத்திரை குத்தி ஒதுக்கக்கூடாது.

3. பாடத்தில் தேறிய மூத்த மாணவர்களைப் பயிற்றுவித்து, உபகாரச் சம்பளம் கொடுத்து, இளையவர்களோடு கூடிப் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. வழிகாட்டி ஆசிரியருக்கு இத்தனை மாணவர்தான் என்று வரம்பு வேண்டும். இந்த வேலையை அவருடைய பணிநேரத்தில் சேர்க்க வேண்டும்.

5. காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று கைகட்டி இருக்கவும் வேண்டாம். மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்க அலுவலகங்கள் எத்தனை! ஒரு விளக்கும் இரண்டு பெஞ்சும் இருந்தால் ஊரிலுள்ள பத்துப் பிள்ளைகள் கூடிப் படிக்கலாம். மூன்றாம் வருஷம் படிக்கிற பெண் முதல் வருஷத்துப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். கல்லூரியில் பெற்றோர் கூட்டம் என்றால், “நமக்கு என்ன தெரியும்” என்று ஒதுங்காதீர்கள். அரை நாள் கூலி போனாலும் போங்கள். “என் பிள்ளைக்கு வழிகாட்டி ஆசிரியர் யார்? அவரை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். படிக்காதவர் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

வாசலைத் திறந்துவிட்டோம் என்று சர்க்கார் பெருமை பேசட்டும், ஆட்சேபம் இல்லை. உள்ளே போன பிள்ளை பட்டத்தோடு வெளியே வந்தால்தான் அந்தப் பெருமை முழுமை பெறும். அதுவரை நம் கோரிக்கை ஓயாது!