பிரேக் ஆயில் குறைவது ஏன்?



சில மாதங்களுக்கு முன், பொம்மிடியில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் தம் பழைய காரின் பானட்டைத் திறந்து காட்டி, "பாருங்கள் சாமி, பிரேக் ஆயில் குறையக் குறைய நானே ஊற்றி நிரப்பி விடுகிறேன், மெக்கானிக்கிற்குக் காலணா கொடுப்பதில்லை" என்று பெருமையோடு கூறினார். சக்கரத்தைக் கழற்றிப் பிரேக் பேடைப் பார்த்தீர்களா என்று வினவினோம். பார்த்ததில்லையாம். அன்று மாலையே கழற்றிப் பார்த்தோம். புதிதில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உராயும் பாகம், ஒரு தீக்குச்சியின் கனத்திற்குத் தேய்ந்து கிடந்தது. 3 மில்லிமீட்டர் ஆனவுடனேயே மாற்றிவிடுவது நலம்.

ஆயில் குறைந்ததன் பொருள் அதுதான். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் பிஸ்டன் சற்றுச் சற்றாக வெளியே வந்து நிற்கிறது; அது விட்ட இடத்தை நிரப்ப ஆயில் டப்பாவிலிருந்து இறங்குகிறது. மட்டம் மெல்ல இறங்கினால் பேட் தேய்கிறது என்றும், விரைவில் இறங்கினால் எங்கோ கசிகிறது என்றும் ஐயுறல் வேண்டும். எதையும் பாராமல் ஊற்றி நிரப்புவது, அழுகின்ற குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

நம் பகுதியினருக்கு இது சிறு காரியமன்று. தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாயை அறியாதார் யார்? 2020 டிசம்பரில் அங்கு ஒரு லாரி பல வாகனங்கள்மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியிலும் மீண்டும் நால்வர். இத்தகைய இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் கொதிக்கின்றன. அவ்வெப்பம் ஆயிலுக்கும் ஏறுகிறது. அடைபட்ட திரவத்தின்மீது வைத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று கண்டவர் பாஸ்கால். (குருமடத்தில் நாம் அவருடைய மெய்யியலைப் படித்தோமேயன்றி, அவர் நம் காரை நிறுத்துகிறார் என்பதை அறியோம்!) ஆனால் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் தோன்றினால், அக்குமிழ்தான் அழுந்தும், மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு வகுத்த அளவு 155 பாகையே. ஆதலின் மட்டம் குறையாவிடினும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். திறந்த டப்பாவை அலமாரியில் வைத்திருந்து மறு ஆண்டு ஊற்றுவது வீண் சிக்கனம். மூடியில் குறித்துள்ள வகையன்றி வேறெதையும் ஊற்றலாகாது. எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெட்டுவிடும். குழாயில் காற்றுப் புகாமல் ஆயிலை மாற்றுவது பழகிய கைக்குரிய வேலை. அதை மெக்கானிக்கிடம் விடுவதே நம் கருத்து. மலை இறங்குகையில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடாதீர்கள்.

பேட் மாற்றுவதை வீட்டில் செய்யலாம். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்தல் வேண்டும். கேலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் இருப்பதுண்டு. ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்றுக.

முடித்தபின் எஞ்சினை இயக்கி, வண்டி நகருமுன் மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் அப்போதுதான் பேடை வந்து தொடும். நாமே ஒருமுறை இதை மறந்து நகர்த்தி, மிதி உள்ளே போகக் கண்டு, கைப்பிரேக்கை இழுத்து மதில்சுவருக்கு ஒரு முழம் முன்னே நின்றோம்.

நம் அன்பருக்கும் அன்று ஒரு பாடம் காத்திருந்தது. புதுப் பேடு வைக்கப் பிஸ்டனைத் தள்ளியபோது, மாதந்தோறும் அவர் ஊற்றிய ஆயில் எல்லாம் டப்பாவின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அவர் துணியைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்திற்குப் பெயிண்ட் உரிந்த அந்த இடம் இன்றும் அவர் காரில் இருக்கிறது.