பயம் விற்கும் இரண்டு நிமிடங்கள்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது பழமொழி. அரளாதவரையும் அரளவைக்க இரண்டு நிமிடம் போதும் என்கிறது திரையுலகம். பேய்ப் படங்களுக்குக் கட்டியம் கூறிவரும் ட்ரெய்லர் எனும் முன்னோட்டத்தைத்தான் சொல்கிறோம். அப்படங்களைப் பார்க்காதவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் முன்னோட்டமோ கைபேசியில் நாம் கேளாமலே வந்து நிற்கிறது. ஆகவே அது எவ்வாறு நம்மை ஆட்டிவைக்கிறது என்று அறிந்துகொள்வது நலம் அல்லவா?

கூர்ந்து நோக்கினால், இவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை என்பது புலப்படும். முதலில் ஓர் அமைதியான குடும்பம் புது வீட்டிற்குக் குடிவரும். அடுத்து ஒரு சிறு உறுத்தல்: தானாகத் திறக்கும் கதவு, இடம் மாறிக் கிடக்கும் பொம்மை. பிறகு குழந்தைப் பாட்டு ஒன்று மெதுவாக இழுத்து ஒலிக்கும். காட்சிகள் வேகமெடுக்கும், அலறல் எழும், திரை இருளும். படத்தின் பெயர் தோன்றும். "அப்பாடா, முடிந்தது" என்று நாம் மூச்சு விடும் வேளையில், கடைசியாக ஓர் அதிர்ச்சி!

வீடு, பொம்மை, தாலாட்டு என நமக்கு நெருக்கமானவற்றையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்? வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1919-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை உண்டு. முற்றிலும் புதியதைவிட, நன்கு பழகிய ஒன்று விநோதமாக மாறுவதே மனிதரை அதிகம் கலங்கவைக்கும் என்றார் அவர்.

கடைசி அதிர்ச்சிக்கோ மனத்தின் துணைகூடத் தேவையில்லை. திடீரென்று பேரோசை கேட்டால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் கண் இமைத்துவிடுகிறது; தோள்கள் குறுகுகின்றன. சிந்திப்பதற்கு முன்பே உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இயற்கைச் செயல் இது. ஆகவே துள்ளி எழுந்த தோழியைக் கோழை என்று கேலி செய்வது அறியாமை. வீராங்கனையும் துள்ளத்தான் செய்வாள்.

ஓசையால் திடுக்கிட வைப்பது எளிது, திறமை வேறு. இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் 'சைக்கோ' படத்திற்கு ஆறு நிமிடத்திற்கும் மேலான முன்னோட்டம் ஒன்றைத் தந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டுபவரைப்போல் அவரே வந்து, இந்தப் படிக்கட்டில்தான், இந்த அறையில்தான் என்று தொடங்கிச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார். இறுதியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அவ்வளவுதான். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்குச் சில வினாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் பல நிமிடப் பதைப்பு என்பது அவர் கொள்கை. பார்ப்பவரின் கற்பனையை அவர் மதித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பயம் ஏன் இனிக்கிறது? டால்ஃப் ஸில்மன் என்ற அறிஞர் 1970-களில் ஒரு விளக்கம் தந்தார். பயத்தில் எழுந்த படபடப்பு உடனே அடங்குவதில்லை. ஆபத்து நீங்கியதும் வரும் ஆறுதலோடு அது கலந்து, மகிழ்ச்சியை இரட்டிப்பாக்குகிறது என்றார். இதை முன்னோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். அது உச்சத்திலேயே நின்றுவிடுகிறது. ஆறுதல் வருவதே இல்லை. பயத்தை இலவசமாகத் தந்து, ஆறுதலை விலைக்கு விற்கும் வாணிபம் இது! பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். டிக்கெட் வாங்க முடியாத ஏழு வயதுத் தம்பி என்ன செய்வான்? இரவெல்லாம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விழித்திருப்பான்.

2018 ஆகஸ்ட் மாதம் 'தி நன்' என்ற ஆங்கிலப் படத்திற்குச் சிறு விளம்பரம் ஒன்று யூடியூபில் வந்தது. ஒலியளவு குறைவதுபோல் ஓர் அடையாளம் முதலில் திரையில் தோன்றும். உடனே கன்னியர் உடையணிந்த கோர உருவம் வீறிட்டுப் பாயும். பலர் எச்சரித்ததும், அதிர்ச்சியூட்டும் விளம்பரங்களுக்கு எதிரான தன் விதியைக் காட்டி யூடியூப் அதை நீக்கியது. காலை வழிபாட்டிலும் காய்ச்சல் அறையிலும் அந்த உடையைக் கண்டு ஆறுதல் பெறும் நமக்கு அந்த உருவம் சிரிப்பையே தரும். நம் குறை வேறு. ஒலி குறைகிறது என்று நம்பவைத்து ஏமாற்றியதே அதன் பிழை. விரும்பிப் பயப்படுவது விளையாட்டு. விரும்பாதவரைப் பயமுறுத்துவது வன்முறை.

நம் நாட்டில் திரையரங்கில் காட்டும் முன்னோட்டத்திற்கும் தணிக்கைச் சான்று வேண்டும். பெற்றோர் வழிகாட்டுதல் தேவைப்படும் படங்களை 7, 13, 16 என வயதுவாரியாகப் பிரிக்கவும் 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் வீட்டுக் கைபேசிக்கு வாயிற்காவலர் யார்? நாமேதான்!

பெற்றோரே, சிறுவர் கையில் கைபேசியைக் கொடுக்குமுன் ஒரு கணம் எண்ணுங்கள். தோழியரே, அடுத்த முறை பேய் வந்தால், ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேய்க்குப் பாதி பலம் போய்விடும். மீதிப் பாதியை, அது எப்படிச் செய்யப்பட்டது என்று தம்பி தங்கையருக்கு விளக்கிச் சொல்லும் நம் அறிவு போக்கிவிடும்.