சொல் அறிவோம்: போட்டியும் பொறாமையும்



ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் 'வை' என்றொரு வினைச்சொல் அடிக்கடி வரும். வீ, ஐ, ஈ என மூன்றே எழுத்துகள். பொருள்: போட்டியிடு. தேர்தலில் வேட்பாளர்களும் விளையாட்டில் அணிகளும் போட்டியிடுவதை இச்சொல்லால் எழுதுவர். விண்ணப்பங்களிலும் கடிதங்களிலும் 'கொம்பீட்' என்பதே வழக்கம்.

பிள்ளைகள் தடுமாறுவது இதன் எழுத்துக்கூட்டலில். இறந்தகாலத்துக்கு டீ மட்டும் சேர்த்தால் போதும். 'இங்' சேரும்போது ஐ, ஈ இரண்டும் நீங்கி, 'வை' என்ற எழுத்து அவ்விடத்துக்கு வரும்: வீ, வை, ஐ, என், ஜீ. தமிழில் எழுதினால் சொல்லும் எழுத்தின் பெயரும் ஒன்றுபோலவே இருப்பதால் நினைவில் நிற்கும். இறத்தலைக் குறிக்கும் 'டை'யும் இப்படியே மாறும். ஆனால் துணிக்குச் சாயமிடும் 'டை' டீ, வை, ஈ என எழுதப்படுவது. அதில் 'இங்' சேரும்போது ஈயை விடக்கூடாது. விட்டால் சாயமிடுதல் இறத்தலாகிவிடும். பற்றிக் செய்யும் சகோதரிகள் திட்ட முன்மொழிவில் இதைக் கவனியுங்கள்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் 'அழைத்தல்' எனப் பொருள்படும் சொல். பழைய பிரெஞ்சு மொழியில் அது 'சவாலுக்கு அழைத்தல்' ஆகி, ஆங்கிலத்தில் குறுகியது. பொறாமையைக் குறிக்கும் சொல்லும் அந்தப் பிரெஞ்சு மொழியில் அதே வடிவில் இருந்தது. ஆனால் அதன் வேர் வேறு.

நமது கிராமங்களில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. கோழி வளர்ப்பு உதவிக்குப் பத்துப் பேர் விண்ணப்பித்து மூவருக்குக் கிடைத்தால், மற்ற எழுவரும் அந்த மூவருடன் கதைப்பதை நிறுத்திவிடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி ஒரே பஸ்சில் அலைந்தவர்கள் இவர்கள். கிடைத்தவள் மீது கோபம் எதற்கு? தெரிவு எப்படி நடந்தது என்று எவரும் சொல்லவில்லையே, கேட்க வேண்டியது அதையல்லவா?

விண்ணப்பிக்கும் முன்பே மாதர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்: தகுதிகள் எவை? எதற்கு எத்தனை புள்ளி? தெரிவு செய்பவர் யார்? பெயர்ப்பட்டியல் எங்கே ஒட்டப்படும்? மேன்முறையீடு யாரிடம்? அரச உதவியாயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். எழுத இயலாதவர் வாயால் கேட்டால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

தனியே கேட்கத் தயங்கினால் பத்துப் பேரும் சேர்ந்தே கேளுங்கள். அடுத்த மாதம் இன்னொரு சொல்லுடன் சந்திப்போம்.